சீலியாக் நோயுள்ள குழந்தை: உயரக் கோடும் இரத்த அளவுகளும்

சீலியாக் நோய் குடலில் வரும் நோய் என்றாலும், பல குழந்தைகளிடம் அது முதலில் தெரியவருவது உயரத்திலும் இரத்தத்திலும்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மரபணு அமைப்பு இடங்கொடுக்கும் சில குழந்தைகளின் நோயெதிர்ப்பு மண்டலம் இந்தப் புரதத்தை எதிர்த்துக் கிளம்பி, அந்தப் போக்கில் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உள்ளே இழுக்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. இந்தச் சேதம் பெரும்பாலும் தொடங்குவது சிறுகுடலின் முற்பகுதியில். இரும்புச் சத்தும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அதனால் வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைக்கும் இரத்தசோகை வரலாம், எலும்பு பலவீனமாகலாம், உயரம் நின்றுபோகலாம்.

தீராத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, குச்சியான கைகால், எப்போதும் சிடுசிடுப்பு என்று பாடநூல்கள் வருணிக்கும் தோற்றம் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் இன்றும் காணப்படுகிறது. ஐந்து வயதைக் கடந்தவர்களிடம் நோய் அவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. மலச்சிக்கல், அவ்வப்போது வயிற்றுவலி, ஆறாத வாய்ப்புண், தாமதமாகும் பூப்பு, பல் எனாமலில் குறை, காரணம் தெரியாத சோர்வு என்று தனித்தனிப் புகார்களாக வந்து நிற்கும். இவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க வைப்பவை வளர்ச்சி வரைபடமும் ஐந்தாறு இரத்தப் பரிசோதனைகளுமே.

சென்னையில் ஏன் தாமதமாகிறது

தமிழ்நாட்டில் இந்த நோய் அரிது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணாவும் பிற மையங்களைச் சேர்ந்தவர்களும் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, வயது வந்தோர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்புரதம் வட இந்தியாவில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம் பேரிடம் இருப்பதாக அது கண்டது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு வகைகளில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. மூன்று பகுதிகளிலுமே ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அவை இருந்தன. பெரிதாக வேறுபட்டது கோதுமையின் அளவு: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் உண்ண, தெற்கில் 25 கிராம்தான். ஆனால் வடகிழக்கிலும் கோதுமை வெறும் 37 கிராமாக இருந்தும் எதிர்ப்புரதம் அவ்வளவு பேரிடம் இருந்ததால், கோதுமை ஒன்றையே காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது.

அரிதான நோய் மருத்துவரின் நினைவுக்கு வருவதும் அரிது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ வெளிறிய, வளராத ஒரு குழந்தையைக் கண்டால் முதலில் நினைவுக்கு வருபவை பூச்சித் தொல்லை, சரியாகச் சாப்பிடாதது, பிரைமரி காம்ப்ளெக்ஸ் எனப்படும் குழந்தைக் காசநோய் ஆகியவைதான். பூச்சி மாத்திரையும் இரும்பு டானிக்கும் எழுதித் தருவது தவறல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போதும். டானிக்கை ஒழுங்காகக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாதபோது, அடுத்த கேள்வியைக் கேட்காமல் டானிக்கின் பிராண்டை மட்டும் மாற்றுவதுதான் தவறு. அப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடுகின்றன. அவை வளரவேண்டிய ஆண்டுகள்.

'நாங்கள் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள்' என்ற பதிலையும் அப்படியே ஏற்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்தால் இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் சப்பாத்தியாகிவிடுகிறது. காலையில் ரவா உப்புமாவோ சேமியாவோ, பள்ளி இடைவேளையில் பிஸ்கட், மாலையில் பப்ஸ், வாரக்கடைசியில் பரோட்டா என்று தி. நகரில் வளரும் பிள்ளையின் தட்டில் இன்று கோதுமைக்குக் குறைவில்லை. அரசு, மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன் பட்டியலில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, ரவா கிச்சடி ஆகியவை உண்டு. அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை சேர்கிறது. எண்ணற்ற குழந்தைகளின் பசியாற்றும் இந்த உணவுகள், நோய் உறுதியான அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் ஆகாதவை.

உயரத்தை அளப்பது

கையாளும் கருவிகளில் மலிவானதும் அதிகம் சொல்வதும் உயர அளவுதான். அக்கறையில்லாமல் எடுக்கப்படுவதும் அதுவே. சுவரில் ஒட்டிய ஒட்டகச்சிவிங்கிப் படத்தின் முன் காலணியோடு நிறுத்திக் குறித்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குழந்தை வெறுங்காலோடு நிற்க வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை சுவரைத் தொட வேண்டும்; பார்வை நேராக இருக்க வேண்டும். உச்சந்தலையில் தட்டையான பலகை அழுந்த வேண்டும். இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டியிருந்தாலோ உச்சியில் கொண்டை இருந்தாலோ அவிழ்த்துவிட்டே அளக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். அந்த அளவு நின்ற உயரத்தைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். எல்லோருக்குமே மாலையில் உயரம் சற்றுக் குறையும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே கருவியில் அளப்பது நல்லது.

ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வரைபடமும், ஐந்திலிருந்து பதினெட்டு வரை இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2015-ஆம் ஆண்டு வரைபடமும் பயன்படுகின்றன. குழந்தை எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைவிட, அதே கோட்டைப் பிடித்துப் போகிறதா என்பதே முக்கியம். முதல் ஆண்டில் சுமார் 25 செ.மீ., இரண்டாம் ஆண்டில் சுமார் 12 செ.மீ. வளரும் குழந்தை, நான்கு வயதிலிருந்து பூப்பு வரை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்கிறது. அந்த வயதில் ஆண்டுக்கு 4 செ.மீ.க்குக் குறைந்தால் காரணம் தேட வேண்டும். வரைபடத்தின் இரண்டு பெரிய கோடுகளைக் கீழ்நோக்கிக் கடந்தாலும் அப்படியே.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஒரு சிறுமியின் உயரம் ஐந்து வயதில் 106 செ.மீ., ஆறில் 109.5, ஏழில் 113, எட்டில் 116. எட்டு வயதில் மட்டும் அவளைப் பார்ப்பவருக்கு, வகுப்பில் முன்வரிசையில் நிற்கும் குள்ளமான பிள்ளைகளில் ஒருத்தி, அவ்வளவுதான். நான்கு அளவுகளையும் அடுத்தடுத்து வைத்தால், ஆண்டு வளர்ச்சி 3.5, 3.5, 3 என்று மூன்று ஆண்டுகளாகவே வேகம் குறைந்திருப்பது தெரியும். அப்பாவின் உயரம் 172, அம்மாவின் உயரம் 158 என்றால், இரண்டையும் கூட்டி 13-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 158.5 வரும். பெண்ணின் எதிர்பார்ப்பு உயரம் இதை ஒட்டியே இருக்கும். பையனாக இருந்தால் 13-ஐக் கழிக்காமல் கூட்ட வேண்டும். 'எங்கள் வம்சமே குள்ளம்' என்ற சமாதானம் இந்தக் கணக்கில் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.

எடையும் பேச வேண்டியதே. சத்துக்குறைவில் வழக்கமாக எடை முதலில் சரியும், உயரம் பின்னால் சரியும். தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் ஆகியவற்றின் குறைகளில் உயரம் சரிந்தாலும் எடை தங்கும். சீலியாக் நோய் இந்த விதிக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. ஒல்லியாக இல்லாத, ஏன், பருமனான குழந்தைக்கும் அது இருக்கலாம். ஆகவே 'கொழுகொழுவென்று இருக்கிறான், சீலியாக்காக இருக்காது' என்ற வாதம் செல்லாது.

இரும்பு, எலும்பு, கல்லீரல்

இரத்த அளவுகளில் முதல் இடம் ஹீமோகுளோபினுக்கு. ஐந்து முதல் பதினொரு வயது வரை 11.5 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. பன்னிரண்டு முதல் பதினான்கு வரை எல்லை 12 கிராம். அது இரும்புக் குறைவால் வந்ததா என்பதைச் சொல்வது ஃபெரிட்டின். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஐந்து வயதுக்குள் 12, அதற்கு மேல் 15 மைக்ரோகிராம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். சளி, காய்ச்சல் வந்த வாரத்தில் எடுத்த ஃபெரிட்டின் நல்ல அளவில் இருப்பதை நம்பக் கூடாது, அழற்சியைக் காட்டும் ஒரு சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்தால் ஐயம் தீரும்.

சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி. இரும்புக் குறைவில் சிறுக்கும். தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்களிடமும் அது சிறுக்கும். அவர்களிடம் ஃபெரிட்டின் நன்றாகவே இருக்கும், சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் குறையாது. இரும்போடு ஃபோலேட்டோ பி12-ஓ சேர்ந்து குறைந்தால் ஒன்று அணுவைச் சிறுக்க வைக்கும், மற்றொன்று பெருக்க வைக்கும். சராசரி இயல்பாகத் தோன்றி ஏமாற்றும். எம்.சி.வி. சரி என்பதற்காக இரும்புக் குறைவு இல்லை என்று முடிவு கட்டாமலிருக்க இதுவே காரணம்.

சரியான அளவில், ஒழுங்காகக் கொடுத்த இரும்பு மருந்துக்கு ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால், மருந்து உண்மையில் உள்ளே போகிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். போகிறது என்றால், உறிஞ்சப்படாமல் இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். சென்னையில் ஒரு குழந்தைக்குச் சீலியாக் பரிசோதனை எழுத இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

வைட்டமின் டி, கால்சியம், ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆகியவை எலும்பின் நிலையைச் சொல்கின்றன. வெயிலுக்குக் குறைவில்லாத சென்னையிலும் வைட்டமின் டி குறைவு பரவலாகக் காணப்படுவதால், அது ஒன்றே சீலியாக்கைக் காட்டாது. கல்லீரலின் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் லேசாக உயர்ந்திருப்பதும் உண்டு. காரணம் தெரியாத இந்த உயர்வு சில குழந்தைகளிடம் நோயின் ஒரே அடையாளமாக இருக்கும். குளூட்டனை நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். தைராய்டு தன்னெதிர்ப்பு நோயும் முதல் வகைச் சர்க்கரை நோயும் சீலியாக்கோடு சேர்ந்து வரக்கூடியவை என்பதால் டி.எஸ்.எச். அளவும் இந்தப் பட்டியலில் சேரும். இன்சுலின் போடும் குழந்தை, டவுன் நோய்க்குறி உள்ள குழந்தை, டர்னர் நோய்க்குறி உள்ள சிறுமி ஆகியோருக்கு எந்தப் புகாரும் இல்லாவிட்டாலும் சீலியாக் பரிசோதனை செய்ய வேண்டும்.

நோயைக் காட்டும் பரிசோதனை

மேலே சொன்னவை எல்லாம் சேதத்தின் அடையாளங்கள். நோயைக் காட்டுவது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்புரதம். ஆய்வகச் சீட்டில் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்று இருக்கும். சீலியாக் நோயில் நோயெதிர்ப்பு மண்டலம் குறிவைக்கும் நொதி டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ்தான் என்பது 1997-இல்தான் தெரிந்தது. கோதுமையே காரணம் என்பதை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ரொட்டி கிடைக்காத பஞ்சம் அவருடைய முடிவுக்கு வலுச் சேர்த்தது.

இந்தப் பரிசோதனையோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் கேட்டு வாங்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புரத வகையின் உற்பத்தியே இராது. அவர்களுக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. எப்போதும் 'இல்லை' என்றே வரும். அப்போது ஐ.ஜி.ஜி. வகைப் பரிசோதனைகளே உதவும்.

முடிவைப் படிக்கும்போது எண்ணைவிட, அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பைப் போல எத்தனை மடங்கு என்பதே கணக்கு. வரம்பு 20 அலகு என்றால் 240 என்பது 12 மடங்கு. வரம்பு 10 அல்லது 4 என்று வைக்கும் கிட்களும் உண்டு. ஆகவே ஒரு ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது வீண் கவலையையோ வீண் நிம்மதியையோ தரும். ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டிய பரிசோதனை இது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரே ஆய்வகத்தில் எடுத்து வருவதே பயன் தரும்.

ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, வரம்பைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவதாக எடுத்த இரத்தத்தில் எண்டோமைசியல் எதிர்ப்புரதமும் இருந்தால், பெற்றோரோடு பேசி எண்டோஸ்கோப்பி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். அதற்குக் குறைந்தால் சிறுகுடல் திசுச் சோதனை வேண்டும். நோய் அரிதான தமிழ்நாட்டில் திசுச் சோதனையைத் தவிர்க்க அவசரப்பட வேண்டியதில்லை. தொற்று, கல்லீரல் நோய், முதல் வகைச் சர்க்கரை நோய் ஆகியவற்றிலும் எதிர்ப்புரதம் லேசாகத் தலைகாட்டும். குடலுறிஞ்சிகள் மழுங்குவது ஜியார்டியா தொற்றிலும் டிராபிகல் ஸ்புரூ என்ற குடல் நோயிலும் நடக்கும். வாழ்நாள் முழுவதற்கும் உணவை மாற்றப்போகும் முடிவு ஐயத்துக்கு இடமில்லாமல் எடுக்கப்பட வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை ஆகியவற்றிலுள்ள குழந்தைக் குடல்நோய் மருத்துவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. மரபணுச் சோதனை நோயை உறுதி செய்யாது, விலக்க மட்டுமே உதவும்.

பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தவே கூடாது. 'ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம்' என்று தொடங்கினால் எதிர்ப்புரதம் இறங்கிவிடும், குடல் ஆறத் தொடங்கிவிடும், நோய் இருந்ததா என்பது புதிராகிவிடும். இட்லியும் சோறுமாக வளர்ந்து கோதுமையை எப்போதாவது தொடும் குழந்தையிடமும் முடிவு குறைத்துக் காட்டலாம். ஒரு வாரத்தில் குழந்தை எத்தனை முறை கோதுமை சாப்பிடுகிறது என்று எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுப்பது, எந்த ஸ்கேனையும்விட உதவும்.

உணவை மாற்றிய பிறகு

குளூட்டனை முழுக்க நிறுத்தியதும் முதலில் திரும்புவது முகக்களையும் பசியும். எடை சில மாதங்களில் ஏறும். உயரம் அதைத் தொடர்ந்து, இயல்பைவிட வேகமாக வளரத் தொடங்கும். இழந்ததை ஈடுகட்டும் இந்த வளர்ச்சி முதல் ஆண்டில் மிகுதி. இரண்டு மூன்று ஆண்டுகள்கூடத் தொடரலாம். பூப்பெய்தி எலும்பு முனைகள் மூடிக்கொள்ளும் வயதில் நோய் தெரிந்தால் முழு உயரம் கிடைக்காமல் போகலாம். தாமதத்துக்கு அஞ்ச வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

முதல் பார்வை மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்; பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை; எல்லாம் சீரானதும் ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் உயரம், எடை, டி.டி.ஜி. மூன்றும் ஒரே தாளில் தேதி வரிசையில் ஏற வேண்டும். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் இயல்பாகும்வரை அவையும் சேரும். டி.டி.ஜி. மிக உயர்ந்திருந்த குழந்தைக்கு அது இயல்பு நிலைக்கு வர ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இறங்கிய அளவு மீண்டும் ஏறினால் சமையலறையிலும் கடையிலும் தேட வேண்டும். சென்னை வீடுகளில் கோதுமை ஒளிந்திருக்கும் முதல் இடம் கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்கிறது. சாம்பார், ரசம், மோர், புளியோதரை எல்லாவற்றிலும் அது போகும். அடுத்தது தெருமுனை மாவு மில். கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டன் இல்லை. ஆனால் முன்னால் கோதுமை அரைத்த அதே மெஷினில் அரைத்து வரும் கேழ்வரகு மாவில் அது இருக்கும். வீட்டிலேயே அரைப்பதோ, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்குவதோதான் வழி. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி அப்படி அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லில் வார்க்கும் சாதா தோசையும் பாதுகாப்பானதல்ல. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி உண்டு. கோயில் பிரசாதத்தில் சர்க்கரைப் பொங்கலைக் கொடுக்கலாம், ரவா கேசரியைக் கொடுக்கக் கூடாது.

தமிழ்ச் சமையல் இந்தக் குழந்தைகளுக்குப் பெரும் துணை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை, வெண்பொங்கல் என்று கோதுமை இல்லாத காலை உணவுகள் இங்கே தாராளம். டெல்லியில் இதே நோயோடு வளரும் குழந்தைக்கு இந்த வசதி இல்லை. வெறும் வெள்ளைச் சோறாகவே போனால் இரும்பும் நார்ச்சத்தும் குறையும் என்பதால் கேழ்வரகு, கீரை, பருப்பு, நிலக்கடலை, அசைவம் உண்போருக்கு முட்டையும் மீனும் சேர வேண்டும்.

உணவு கண்டிப்பாக நடந்து, டி.டி.ஜி. இறங்கி, ஓராண்டாகியும் உயரம் வேகம் பிடிக்காவிட்டால், எல்லாவற்றையும் சீலியாக்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன், சிறுமியாக இருந்தால் டர்னர் நோய்க்குறி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளுக்குக் குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் செல்ல வேண்டும். எதிர்ப்புரதம் இறங்கும் முன்பே வளர்ச்சி ஹார்மோனைச் சோதித்தால் அது பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும் என்பதால் ஓராண்டு பொறுப்பது நல்லது.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானதும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பெற்றோர் ஆகிய அனைவருக்கும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ.வும் மொத்த ஐ.ஜி.ஏ.வும் பார்க்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவினரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்கு எந்தப் புகாரும் இருப்பதில்லை. முதல் முறை 'இல்லை' என்று வந்த உடன்பிறப்புக்குச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மரபணுச் சோதனையில் நோய்க்கு இடங்கொடுக்கும் வகைகள் இல்லையென்று தெரிந்தவருக்கு மட்டும் அது தேவையில்லை.